படையலை நிறுத்திய மக்கள்: பாபிலோனியக் காப்பியங்களில் தெய்வ எதிர்ப்பு

தெய்வத்தை வாழ்த்தித் தொடங்குவது பழைய இலக்கியங்களின் பொதுமரபு. ஆயின், வாழ்த்திய அதே நாவால் தெய்வத்தின் முன் வழக்குரைத்த மரபும் மிகப் பழமையானதே. மண்ணில் பிறந்த மனிதர் விண்ணவரின் கொடுமையை எதிர்த்து நின்ற கதைகளைப் பல நாட்டு இலக்கியங்களும் போற்றி வைத்துள்ளன. அவற்றுள் எழுத்து வடிவில் கிடைத்துள்ள மிகப் பழையன, டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆகிய ஆறுகளுக்கு இடைப்பட்ட மெசபடோமியாவில் தோன்றியவை ஆகும்.

அக்கதைகளில் ஒரு முரண் காணப்படுகிறது. வாளும் கோடரியும் ஏந்தித் தெய்வங்களை எதிர்த்த பெருவீரர்கள் தோற்கின்றனர். படைக்கலம் ஏதும் இன்றிப் படையலை மட்டும் நிறுத்திய எளிய மக்கள் வெல்கின்றனர். இம்முரணின் பொருள் யாது, அதனைப் பாடிய புலவர்களுக்கு இக்கலகத்தில் பங்கு என்ன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களிமண்ணில் ஒரு காப்பியம்

இன்றைய இராக்கின் தென்பகுதியில் கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டின் இறுதியில் எழுத்து தோன்றியது. ஈரக் களிமண் பலகையில் நாணற்குச்சியின் முனையை அழுத்திப் பதித்த ஆப்பு வடிவக் குறிகளே அவ்வெழுத்து. ஓலை மக்கும், தோல் மக்கும், சுட்ட மண் மக்காது. நகரங்கள் தீக்கிரையானபோது அவற்றின் மண்ணேடுகள் பல வெந்து மேலும் உறுதி பெற்றன.

அசிரியப் பேரரசன் அஷூர்பனிபால் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் நினிவே நகரில் தொகுத்து வைத்த நூலகம், கி.பி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அகழ்ந்தெடுக்கப்பட்டு லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தை அடைந்தது. அங்குப் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்மித், 1872 டிசம்பர் 3ஆம் நாள் நடந்த கூட்டமொன்றில், விவிலியத்தின் வெள்ளக்கதையை ஒத்த கதையொன்று மண்ணேட்டில் உள்ளதென அறிவித்தார். அது கில்காமெஷ் காப்பியத்தின் 11ஆம் பலகை. அக்கதையின் பழைய வடிவம் ‘அத்ரஹாசிஸ்’ என்னும் வேறொரு காப்பியத்தில் இருந்தது. ‘மிகு அறிவினன்’ என்பது அப்பெயரின் பொருள். துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த அதன் பகுதிகளை ஒன்றுசேர்த்து லாம்பர்ட், மில்லார்ட் என்னும் இரு அறிஞர்கள் 1969இல் வெளியிட்ட பதிப்பே, அக்காப்பியத்தைத் தொடர்ச்சியாகப் படிக்க வழிசெய்தது.

கிடைத்துள்ள படிகளுள் சிறந்தது, ஹமுராபியின் மரபில் வந்த அம்மி-சதுகா என்னும் அரசன் காலத்தில், அதாவது கி.மு. 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. மூன்று பலகைகளில் அமைந்த அக்காப்பியத்தின் மொத்த அடிகள் 1245 என்று ஏட்டின் இறுதிக் குறிப்பு கூறுகிறது. படியெடுத்தவன் பெயர் இபிக்-அயா. பெரும்புலவன் அல்லன், இளநிலை எழுத்தன். அந்த இளைஞன் கையால் அழுத்திய குறிகளே இக்கலகக் கதையை இன்றளவும் காத்து வருகின்றன.

வானுலகில் ஒரு வேலைநிறுத்தம்

மனிதர் தோன்றுவதற்கு முன்பு தெய்வங்களே உழைத்துக்கொண்டிருந்த காலத்தில் காப்பியம் தொடங்குகிறது. பெருந்தெய்வங்கள் ஆள்கின்றன, இகிகி எனப்படும் சிறுதெய்வங்கள் ஆறுகளையும் கால்வாய்களையும் வெட்டுகின்றன. இரவும் பகலும் ஓய்வில்லை. பல்லாண்டுகள் துன்புற்ற இகிகியர் ஒருநாள் தம் மண்வெட்டிகளையும் கூடைகளையும் தீயிலிட்டு எரித்துவிட்டு, நள்ளிரவில் நிப்பூர் நகரத்து எகூர் கோயிலைச் சூழ்கின்றனர். அது தெய்வங்களின் தலைவனாகிய என்லிலின் இல்லம். கலகத்தைத் தூண்டியவன் யாரென என்லில் தூதனை அனுப்பிக் கேட்கிறான். தனியொருவன் பெயரை எவரும் சொல்லவில்லை. தாம் அனைவருமே போர் தொடுத்ததாக விடையளிக்கின்றனர். வானத் தெய்வமாகிய அனுவும், அவர்கள்மேல் குற்றமில்லை, அவர்கள் சுமந்த சுமை பெரிது என்று இரங்குகிறான்.

இக்காட்சி வெறுங் கற்பனை அன்று. மெசபடோமியாவின் வேளாண்மை கால்வாய்களை நம்பியிருந்தது. வெள்ளம் கொணரும் வண்டல் கால்வாய்களில் படிந்துகொண்டே இருக்கும். அதனைத் தூர்வாராவிடின் நகரம் பட்டினியால் மடியும். ஆகவே தூர்வாரும் பணிக்கு மக்களை அரசு கட்டாயமாக அழைத்தது. கால்வாயைத் தூர்வாருமாறு ஹமுராபி தன் அதிகாரிகளுக்கு எழுதிய மடல்கள் கிடைத்துள்ளன. ஊழியத்திற்குச் சென்ற மக்கள் சுமந்த அதே கூடையைத்தான் புலவன் சிறுதெய்வங்களின் தலையில் ஏற்றினான்.

கலகக்காரனின் குருதி

இகிகியரின் சுமையை இறக்கப் பெருந்தெய்வங்கள் கண்ட வழி, அச்சுமையை வேறொருவர் தலையில் ஏற்றுவதே. அதற்காக மனிதன் படைக்கப்பட வேண்டும். அறிவுத் தெய்வமாகிய என்கியும் தாய்த்தெய்வமாகிய நிந்துவும் அப்பணியை மேற்கொள்கின்றனர். அறிவாற்றல் உடைய தெய்வம் ஒன்று கொல்லப்பட்டு, அதன் ஊனும் குருதியும் களிமண்ணோடு பிசையப்படுகின்றன. அக்களிமண்ணிலிருந்து ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் தோன்றுகின்றனர். கொல்லப்பட்ட தெய்வத்தின் பெயரும், மனிதனைக் குறிக்கும் ‘அவீலு’ என்னும் அக்காடியச் சொல்லும் ஒலியால் நெருங்கியவை. புலவன் இதனை வேண்டுமென்றே அமைத்துள்ளான் என்பர்.

கொல்லப்பட்ட அத்தெய்வமே இகிகியரின் கலகத்தை முன்னின்று நடத்தியது எனப் பல அறிஞர் கருதுவர். அக்கருத்தை ஏற்பின் அரியதொரு பொருள் புலனாகிறது. அடிமையாக உழைப்பதற்கென்றே மனிதன் படைக்கப்பட்டான். ஆனால் அவன் நரம்புகளில் ஓடுவது கலகக்காரனின் குருதி. கலகத்தை அடக்க எண்ணியவர்கள் அதனை மண்ணுலகெங்கும் விதைத்துவிட்டார்கள் எனலாம்.

உறக்கம் கெட்ட தெய்வம்

ஆயிரத்து இருநூறு ஆண்டுகள்கூட இன்னும் நிறையவில்லை. மக்கள் பெருகுகின்றனர். நாடு காளையைப்போல் முழங்குகிறது. அவ்வோசையால் என்லிலுக்கு உறக்கம் கெடுகிறது. உறங்கவியலாத என்லில் கொள்ளைநோயை ஏவுகிறான்.

இங்கு ஒன்று சிறப்பாக நோக்கத்தக்கது. விவிலிய வெள்ளக்கதையில் மனிதரின் தீமையே அழிவுக்குக் காரணமாகக் கூறப்படும். அத்ரஹாசிஸ் காப்பியத்திலோ மக்கள் குற்றம் செய்ததாக வெளிப்படையான கூற்று இல்லை. ஓசை எழுப்பினர் என்பதே செய்தி. அவ்வோசை மக்கட்பெருக்கத்தின் ஆரவாரமே என்பர் ஒரு சாரார். அடங்க மறுத்த மக்களின் கலகக்குரல் என்பர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும், தண்டனை குற்றத்தினும் பன்மடங்கு பெரிது என்பதைப் புலவன் மறைக்கவில்லை. வாழ்க்கை என்பதே ஓசைதான். தொட்டிலும் உலக்கையும் சந்தையும் ஓசையின்றி இயங்கா. வாழும் மக்களின் ஓசையைப் பொறுக்காத அதிகாரம் எத்தகையது என்னும் வினாவைக் காப்பியம் கேட்போர் மனத்தில் எழுப்பிவிடுகிறது.

படையல் நிறுத்தம்

நோயால் மக்கள் மடிவதைக் கண்ட அத்ரஹாசிஸ், தன் தெய்வமாகிய என்கியிடம் முறையிடுகிறான். என்கி தரும் அறிவுரை வியப்புக்குரியது. மக்கள் தத்தம் தெய்வங்களை வணங்குவதை நிறுத்த வேண்டும். நோய்க்குரிய நம்தார் என்னும் ஒரு தெய்வத்தின் வாயிலை மட்டும் நாடி அப்பம் படைக்க வேண்டும். அப்படையலைக் கண்டு நாணி அத்தெய்வம் தன் கையை விலக்கிக்கொள்ளும். ஊர்ப் பெரியோர் கூடுகின்றனர். அறிவிப்போர் தெருக்களில் உரக்க முழங்குகின்றனர். மக்கள் நம்தாருக்குக் கோயில் எடுக்கின்றனர். நோய் விலகுகிறது.

மக்கள் மீண்டும் பெருக, மழைத் தெய்வமாகிய அதாதை ஏவி மழையை நிறுத்துகிறான் என்லில். மக்கள் மீண்டும் பிற படையல்களை நிறுத்தி அதாதுக்கு மட்டும் படைக்கின்றனர். நாணிய அதாத், என்லில் அறியாவண்ணம் காலையில் மென்மழையும் இரவில் பனியும் பெய்விக்கிறான். வயல் விளைகிறது.

மேற்போக்காக நோக்கின் இது சூழ்ச்சியாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின், ஊழியத்தை நிறுத்திய இகிகியரின் செயலையே மக்கள் மண்ணுலகில் மீண்டும் செய்கின்றனர் என்பது விளங்கும். அவர்கள் மண்வெட்டியை எரித்தனர். இவர்கள் படையலை நிறுத்தினர். இரண்டிலும் தனித் தலைவன் இல்லை, ஊரே திரள்கிறது.

படையல் நிறுத்தம் எத்தனை வலிய படைக்கலம் என்பதை அந்நாட்டு வரலாறு காட்டும். தெய்வத் திருவுருவங்களுக்கு நாள்தோறும் உணவு படைப்பதே அங்குக் கோயில் வழிபாட்டின் உயிர்நாடி. பிற்காலத்து உரூக் நகரச் சடங்கேடு ஒன்று, நாளொன்றுக்கு நான்கு வேளை உணவை வகுத்துரைக்கிறது. கி.மு. 21ஆம் நூற்றாண்டில் நிப்பூருக்கு அருகே புஸ்ரிஷ்-தகான் என்னுமிடத்தில் அரசு நடத்திய கால்நடைக் கூடத்தின் கணக்கேடுகளில், படையலுக்கும் பிற தேவைகளுக்கும் சென்ற எண்ணற்ற ஆடுமாடுகள் பதிவாகியுள்ளன. படைத்த உணவு பின்னர்க் கோயில் பணியாளர்க்கும் அரசனுக்கும் பங்காகச் சென்றது. தெய்வத்தின் பெயரால் நடந்த இப்பெரும் ஏற்பாடு முழுவதையும் உழவனின் கையும் இடையனின் கோலுமே தாங்கின. அக்கை விலகின் விண்ணும் அசையும் என்னும் உண்மையைப் புலவன் அறிந்திருந்தான்.

வெள்ளமும் பசியும்

இருமுறை தோற்ற என்லில் பஞ்சத்தை முன்னினும் கடுமையாக்குகிறான். பெற்றோர் பிள்ளைகளையே உணவாகக் கொள்ளும் கொடுநிலை வருகிறது. அதன்பின்னும் மக்கள் எஞ்சியிருக்கவே, அனைவரையும் அழிக்கப் பெருவெள்ளம் முடிவு செய்யப்படுகிறது. மனிதரிடம் சொல்லலாகாது என ஆணையால் கட்டுண்ட என்கி, நாணற்சுவரை விளித்துப் பேசுவதுபோல் அத்ரஹாசிஸுக்கு மறைவாக உணர்த்துகிறான். படகு கட்டப்படுகிறது. தன் மக்களுக்கு அத்ரஹாசிஸ் விருந்து வைக்கிறான். அவர்கள் உண்கின்றனர், அவனோ உட்காரவும் இயலாமல் உள்ளும் புறமும் நடக்கிறான், நெஞ்சு உடைந்து பித்தம் கக்குகிறான். எஞ்சப்போகும் ஒருவனின் துயரத்தை இத்துணைச் சுருக்கமாக உரைத்த இடம் பழைய இலக்கியங்களில் அரிது.

ஏழு நாள் வெள்ளத்தில் மக்கள் மடிய, உணவும் நீருமின்றித் தெய்வங்கள் வாடுகின்றன. தும்பிகளைப்போல் ஆற்றில் மிதக்கும் தன் மக்களை எண்ணித் தாய்த்தெய்வம் நிந்து அழுகிறாள். வெள்ளம் வடிந்தபின் அத்ரஹாசிஸ் படையலிட, மணம் நுகர்ந்த தெய்வங்கள் ஈக்களைப்போல் வந்து மொய்க்கின்றன. இந்த உவமையினும் கூர்மையான எதிர்ப்புக்குரல் இருத்தல் அரிது. உலகை அழித்தவர்கள் ஒருவேளை உணவுக்கு மொய்க்கிறார்கள். யார் யாரைச் சார்ந்து வாழ்கிறார்கள் என்பது தெளிவாகிவிடுகிறது.

எனினும் காப்பியம் முழுவெற்றியில் முடியவில்லை. மனிதகுலம் நிலைக்கிறது, ஆனால் மலடும் சிசுமரணமும் அதன் பங்காக விதிக்கப்படுகின்றன. தாய்மார் ஒவ்வொரு நாளும் கண்ட துயரத்துக்குப் புலவன் இவ்வாறு காரணம் கற்பித்தான். அதனை நீதி என்று அவன் எங்கும் கூறவில்லை.

வாளேந்தியோர் தோல்வி

மக்களின் இவ்வெதிர்ப்போடு வீரர்களின் எதிர்ப்பை ஒப்பிடுதல் பயனுடையது. உரூக் நகரத்து அரசன் கில்காமெஷும் அவன் தோழன் என்கிடுவும் என்லில் நியமித்த ஹும்பாபா என்னும் தேவதாருக் காட்டுக் காவலனைக் கொல்கின்றனர். தன்னை மணக்க அழைத்த தெய்வமகள் இஷ்தாரிடம், அவள் முன்னைக் காதலர்க்கு நேர்ந்த கதியை ஒவ்வொன்றாக எடுத்துரைத்துக் கில்காமெஷ் மறுக்கிறான். சினந்த அவள் ஏவிய வானத்துக் காளையையும் இருவரும் கொல்கின்றனர். என்கிடு அதன் தொடையைப் பிய்த்து இஷ்தாரின்மேல் எறிகிறான். விளைவு, தெய்வங்களின் அவை என்கிடுவுக்கு மரணம் விதிக்கிறது. போர்க்களத்தில் வீழாமல் நோய்ப்படுக்கையில் மடிவதை எண்ணி அவ்வீரன் மனம் நோகிறான். இறவாமையைத் தேடி அலைந்த கில்காமெஷும் வெறுங்கையோடு திரும்புகிறான்.

இராக்கின் சுலைமானியா அருங்காட்சியகம் 2011இல் வாங்கிய மண்ணேடு ஒன்றின் பாடம் 2014இல் வெளியிடப்பட்டது. அதில், மரங்களை வெட்டிய பின்னர், காட்டைப் பாழாக்கிவிட்டோமே, நிப்பூரில் என்லிலுக்கு என்ன விடை சொல்வோம் என்று என்கிடு கலங்குவதாகப் புதிய அடிகள் உள்ளன. தெய்வத்தை எதிர்த்தவனும் அழிவு செய்தவனும் ஒருவனே ஆகும்போது கலகம் தன் நியாயத்தை இழக்கிறது என்பதை அப்புலவன் உணர்ந்திருந்தான்.

அக்காத் பேரரசன் நராம்-சின் பற்றிய கதை இன்னும் சிக்கலானது. கி.மு. 23ஆம் நூற்றாண்டில் ஆண்ட இவன், தன்னைத் தெய்வமென அறிவித்துக்கொண்ட முதல் மெசபடோமிய அரசன். நற்குறி தராத என்லிலின் மேல் சினந்து எகூர் கோயிலைக் கோடரிகளால் இடித்தான் என்றும், அதனால் மலைநாட்டுக் குத்தியர் படையெடுப்பால் அக்காத் அழிந்தது என்றும் ‘அக்காதின் சாபம்’ என்னும் சுமேரியப் பாடல் கூறும். வரலாற்றுச் சான்றுகள் வேறு செய்தி தருகின்றன. நராம்-சின்னும் அவன் மகன் ஷர்-கலி-ஷர்ரியும் அக்கோயிலைப் புதுப்பித்துக் கட்டியதைப் பொறிப்புகளும் ஏடுகளும் காட்டுகின்றன. பேரரசு சிதைந்ததும் மகன் காலத்துக்குப் பின்னரே. திருப்பணி செய்தவனையே கோயில் இடித்தவனாக்கியது பாடல். தெய்வ எதிர்ப்பு என்னும் பழியை யார் மேல் யார் சுமத்துகிறார்கள் என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

புலவர் தொடுத்த வழக்கு

மக்கள் படையலை நிறுத்தினர். புலவர்கள் செய்தது யாது? அவர்கள் குற்றப்பத்திரிகை எழுதினர். கில்காமெஷ் காப்பிய வெள்ளக்கதையில், குற்றம் செய்தவன் மேலன்றோ குற்றத்தைச் சுமத்த வேண்டும், எல்லாரையும் ஏன் அழித்தாய் என என்கி, என்லிலைக் கடிகிறான். கி.மு. முதல் ஆயிரத்தாண்டில் கப்தி-இலானி-மர்துக் பாடிய எர்ரா காப்பியத்தில், நல்லோரையும் தீயோரையும் வேறுபாடின்றிக் கொன்றாய் என அழிவுத் தெய்வமாகிய எர்ராவை அதன் அமைச்சனாகிய இஷூமே இடித்துரைக்கிறான். அக்காப்பியத்தின் பகுதிகளை மண்ணேடுகளில் எழுதித் தீங்கு அணுகாதிருக்க வீடுகளில் காப்பாக வைத்தனர். தெய்வத்தின் கொடுமையைக் கூறும் பாட்டே தெய்வக் கொடுமையிலிருந்து காக்கும் என அம்மக்கள் நம்பினர்.

இன்னொரு புலவன் செய்தது மேலும் நுட்பமானது. கி.மு. 1000ஐ ஒட்டி எழுந்ததாகக் கருதப்படும் ‘பாபிலோனிய வழக்குரை’ என்னும் செய்யுள், துன்புற்றவன் ஒருவனுக்கும் அவன் நண்பனுக்கும் இடையே நிகழும் உரையாடல். தெய்வத்தைப் பேணாதவர் செழிக்க, வழிபட்டவர் வறுமையுறுவது ஏன் என்று பெற்றோரை இழந்த ஒருவன் கேட்கிறான். தெய்வத்தின் எண்ணம் வானத்தைப்போல் எட்டாதது என்று நண்பன் அமைதி கூறுகிறான். இறுதியில் அந்நண்பனே, மனிதர்க்குப் பொய்யைக் கொடுத்தவர் தெய்வங்களே என ஒப்புக்கொள்ள நேர்கிறது. இருபத்தேழு பாக்கள், ஒவ்வொன்றும் பதினோரடி, ஒரு பாவின் எல்லா அடிகளும் ஒரே அசைக்குறியில் தொடங்கும். அம்முதற் குறிகளை வரிசையாகக் கூட்டிப் படித்தால் சக்கில்-கீனம்-உப்பிப் என்னும் புலவன் பெயரும், தெய்வத்தையும் அரசனையும் வழிபடும் மந்திரச் சடங்கினன் அவன் என்பதும் புலனாகும். சித்திரகவி மரபில் தோய்ந்தோர் இத்திறத்தை எளிதில் உணர்வர். விளிம்பில் வழிபாடு, உள்ளே வழக்கு. இரண்டும் ஒரே புலவனுடையவை, இரண்டும் உண்மையே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில செய்திகள் துணியப்படும். தெய்வங்களின் கொடுமையாகப் புலவர்கள் பாடியது பெரும்பாலும் அவர்கள் கண்ட அதிகாரத்தின் கொடுமையே. தனிவீரனின் வாள் அவ்வதிகாரத்தைச் சினமூட்டியது. திரண்ட மக்களின் மறுப்பு அதனை நாணச் செய்தது. அம்மறுப்பும் முழுவெற்றி பெறவில்லை. ஆயினும், உழைப்பவரின்றி ஆள்பவர் இல்லை என்பதை ஒருமுறை உணர்த்திய பின்னர் அதனை மறைக்க எவராலும் இயலவில்லை.

அத்ரஹாசிஸ் ஏட்டை இபிக்-அயா படியெடுத்த அதே ஆட்சியில்தான், அம்மி-சதுகா தன் முதலாண்டில் கடன் தள்ளுபடி ஆணை ஒன்றை வெளியிட்டான். கடனுக்காகத் தம்மையோ மனைவி மக்களையோ அடிமையாகக் கொடுத்தவர்களுக்கு அது விடுதலை அளித்தது. பிள்ளைகளைக் கடனுக்குக் கொடுத்த குடும்பங்கள் வாழ்ந்த நாட்டில், பஞ்சத்தில் பிள்ளைகளை இழந்த மக்களின் கதையை அவ்விளைஞன் எழுதிக்கொண்டிருந்தான். காப்பியத்தின் ஈற்றில் இப்பாடல் தெய்வப் புகழாகவே சொல்லப்படுகிறது. எல்லா மக்களும் கேட்கவேண்டுமென்றும் புலவன் அழைக்கிறான். புகழ்ச்சியாகக் கேட்டோர் புகழ்ச்சியாகக் கேட்டனர். முறையீடாகக் கேட்டோர்க்கு அது முறையீடாயிற்று.

படியெடுத்து முடித்தபின் இபிக்-அயா அடிகளை எண்ணி 1245 எனக் குறித்தான். ஏட்டைப் பின்னர் எடுப்போர் ஓரடியும் விடுபடாமல் காக்க உதவும் எண் அது. அவ்வேட்டின் பல பகுதிகள் இன்று சிதைந்துவிட்டன. படையலை நிறுத்திய மக்களின் பெயர்களில் ஒன்றும் எஞ்சவில்லை. ஆனால் அவர்கள் நிறுத்தினார்கள் என்பது எஞ்சியிருக்கிறது. அதனை எஞ்ச வைத்தவன் ஓர் எழுத்தன்.